பத்து வளைவுக்கு மேல் வேண்டாம்

மார்ச் 3

பம்பரத்துக்கு,

இனிமேல் என் குரலே உன் காதில் விழக் கூடாது என்று ஆஸ்பத்திரி நடைபாதையில் வைத்துச் சொன்னாய். இரண்டரை மாதமாக விழவில்லை. கையெழுத்தைப் பற்றி நீ ஒன்றும் சொல்லாததால் எழுதுகிறேன்.

உன் அண்ணன் எப்படி இருக்கிறார்? இடது கால் ஊன்றுகிறதா? சாப்பிடும்போது இன்னும் புரையேறுகிறதா? பிசியோதெரபிக்கு ஒழுங்காகப் போகிறாரா? பேச்சு தெளிந்துவிட்டதா? தலைவலி? தூக்கம்? விழுந்த நாளைப் பற்றி ஏதாவது ஞாபகம் வந்ததா? என்னைக் கேட்டாரா?

இங்கே பட்டறை ஓடுகிறது. நானும் லேத் மெஷினும் மட்டும்தான். அவர் உட்காரும் ஸ்டூலில் இரும்புத் தூள் படிந்திருக்கிறது, நான் துடைக்கவில்லை.

எழுத வந்தது வேறு விஷயம். அவரையும் அவருடைய சாமான்களையும் நீ உன் வீட்டுக்கு ஏற்றிக்கொண்டு போனபோது சாம்பல் நிறப் பை ஒன்றும் சேர்ந்து போயிருக்கும். அதில் ஒரு ஸ்கேட் பலகை இருக்கிறது. நாங்கள் செய்த இரண்டில் இரண்டாவது அது. அவர் விழுந்தது முதலாவதில். அந்தப் பை எனக்குத் திரும்ப வேண்டும். பார்சல்காரரை நானே உன் வீட்டுக்கு அனுப்புகிறேன். நீ அதைத் திறக்கக்கூட வேண்டாம், வாசலில் வைத்தால் போதும்.

கோபம் தீரவில்லை என்றாலும் இதை மட்டும் செய்துவிடு.

அன்புடன்,
அண்ணி


மார்ச் 8

அண்ணிக்கு,

திறக்க வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கடிதம் வருவதற்கு நான்கு நாள் முன்பே திறந்துவிட்டேன். பார்சல்காரரை வெறுங்கையோடு திருப்பி அனுப்பினேன். பாவம், இரண்டு மாடி ஏறி வந்தார்.

அண்ணனைப் பற்றி ஒன்பது கேள்வி கேட்டிருக்கிறீர்கள். எண்ணிப் பார்த்தேன். ஒரு முறை வந்து பார்த்திருந்தால் ஒன்றுமே கேட்டிருக்க வேண்டாம். குரல் கேட்கக் கூடாது என்று கோபத்தில் சொன்னது உண்மை. கட்டின புருஷனைப் பார்க்க வராதீர்கள் என்று சொன்னேனா?

அவன் நிலைமையைச் சொல்கிறேன். பேச்சு வந்துவிட்டது, கொஞ்சம் குழறும். தூக்கம் இருக்கிறது. கால்தான் பிரச்சினை. அதுவும் கால் பிரச்சினை இல்லை. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நரம்பு சரியா இருக்கு, தசையும் தேறிடுச்சு. இந்நேரம் கைத்தடியோட நடக்கணும். அவர் நடைச்சட்டத்தை விடவே மாட்டேங்கிறாரு" என்றார். வீட்டுக்கு வந்து கேட்டேன். "என் காலை நான் நம்பல" என்றான்.

ஏன் என்று உங்களுக்குத் தெரியும். பலகையை விற்கப்போகிற கம்பெனி கொடுத்த விசாரணை அறிக்கையைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறான். மடிப்பில் கிழிந்துவிட்டது, டேப் ஒட்டிக் கொடுத்தேன். "பலகையில் குறை எதுவும் காணப்படவில்லை. ஓட்டியவரின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம்." அதற்குக் கீழே, பலகையைச் செய்தவர் என்ற இடத்தில், உங்கள் கையெழுத்து. இருபத்தைந்து வருஷம் பலகை ஓட்டியவன் தினமும் என்னைக் கேட்கிறான்: "நான் என்ன பண்ணியிருப்பேன், பம்பரம்? எந்தக் காலைத் தப்பா வெச்சிருப்பேன்?"

அதனால்தான் பையைத் திறந்தேன். அதே பலகையை அதே மாதிரி ஓட்டிப் பார்த்தால் பதில் கிடைக்கும்.

ஏழு வருஷமாக நான் பலகையில் கால் வைக்கவில்லை. கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து லென்ஸ் அறுக்கிறவள் நான். கையில் இருக்கிற நிதானம் காலில் இல்லை. எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், கார்கள் வேலைக்குப் போன பிறகு, தூணுக்குத் தூண் ஓட்டிப் பார்த்தேன். முதல் நாள் ஏறி நின்றதும் பக்கத்துத் தூணைக் கட்டிக்கொண்டேன்.

இது என்ன பலகை அண்ணி? முன்சக்கரம் இரண்டையும் ஒரு இரும்புக் கையில் மாட்டி, அந்தக் கையைக் கதவுக் கீல் போல ஆடவிட்டிருக்கிறீர்கள். தரையை உதைக்கவே வேண்டாம். இடுப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்தால் தானாக வேகம் பிடிக்கிறது. சாதாரணப் பலகை திரும்புவதற்கு ஒரு தெரு கேட்கும், இது ஒரு லிஃப்டுக்குள் திரும்பிவிடும். காலுக்குக் கீழே பலகை இருக்கிற மாதிரியே இல்லை. உயிருள்ள ஏதோ ஒன்றின் முதுகில் நிற்கிற மாதிரி இருக்கிறது. பயந்துவிட்டேன். மறுநாளும் போனேன்.

திருப்பி அனுப்ப மாட்டேன்.

நாத்தனார்


மார்ச் 12

பம்பரத்துக்கு,

உன் கடிதத்தை லேத் பக்கத்தில் நின்று படித்தேன். அணைக்க மறந்துவிட்டேன். வெட்டிக்கொண்டிருந்த உருளை பென்சில் கனத்துக்கு இளைத்துப்போன பிறகுதான் நினைவு வந்தது.

ஓட்டாதே. உன் அண்ணன் ஒருவர் போதும்.

ஓட்டாதே என்று சொன்னால் நீ கேட்கிற ஆள் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆகவே கொஞ்சமாவது கேள். முன்பக்கத்து நட்டை ஒன்றரைச் சுற்று இறுக்கு. சாய்வு குறையும், குறையட்டும். வெயிலில் ஓட்டாதே. தார் ரோடு சுடும் நேரத்தில் வெளியே எடுக்கவே வேண்டாம். ஒரே மூச்சில் பத்து வளைவுக்கு மேல் வேண்டாம். பத்து ஆனதும் இறங்கி, பலகையைக் கால் மணி நேரம் நிழலில் வை. ஹெல்மெட், முழங்கை உறை, எல்லாம் போட்டுக்கொள். மேட்டிலிருந்து இறங்காதே.

நான் ஏன் வரவில்லை என்று கேட்கிறாய். பட்டறையைப் பூட்ட முடியவில்லை என்று எழுதினால் நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். கம்பெனி வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. ஏப்ரல் கடைசியில் நானூறு பலகை கடைகளுக்குப் போகிறது.

இதை நான் செய்ததே அவர் சொல்லித்தான். எங்கள் சந்தில் இரண்டு சைக்கிள் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டும். "இந்தச் சந்துல அலை மாதிரி போகணும், முடியுமா உன்னால?" என்று ஒரு நாள் விளையாட்டாகக் கேட்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எட்டு மாதம் ஆனது. முதல் தடவை அவர் சந்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை சுவரில் இடிக்காமல் பாம்பு போல் போய்த் திரும்பி வந்தார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலுக்காக இன்னும் பத்துப் பலகை செய்திருப்பேன்.

பத்து வளைவு. மறக்காதே.

அண்ணி


மார்ச் 17

அண்ணிக்கு,

நீங்கள் சொன்னபடி கேட்டேன். மூன்று நாள் சாயங்காலத்தில் மட்டும், குடிநீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கிற சரிவு ரோட்டில். அங்கே வண்டி அதிகம் வராது. நட்டை மட்டும் இறுக்கவில்லை. இறுக்கினால் அது அண்ணன் ஓட்டிய பலகை ஆகாது.

வேகம் பார்க்க ஆள் வேண்டுமே என்று தெருமுனை பேக்கரிக்காரரைக் கேட்டேன். காலை வேலை முடிந்தால் அவர் வேன் சும்மாதான் நிற்கும். நல்ல மனுஷர், கேள்வி மட்டும் அதிகம்.

"நீ வேனுக்கு முன்னாடி போவியா, பின்னாடி வருவியா?"

"முன்னாடி."

"விழுந்தா?"

"நீங்க பிரேக் போடுங்க."

"அது சரிம்மா, உனக்கு பிரேக் எங்க?"

"இதுல கிடையாது."

ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, "என் பொண்டாட்டிகிட்ட மட்டும் சொல்லிடாத" என்று வண்டியைக் கிளப்பினார்.

முதல் இரண்டு நாள் பயத்தில் மூச்சையே மறந்தேன். பலகை என்னைத் தள்ளிவிடவில்லை. மணிக்கு இருபத்தெட்டு என்று ஜன்னல் வழியே கத்தினார். மூன்றாம் நாள் பத்தை மறந்து இருபது வளைவு போனேன். ஒன்றும் ஆகவில்லை. இவ்வளவு நல்ல பலகையில் அண்ணன் ஏன் விழுந்தான்? அறிக்கையில் எழுதியது உண்மைதானோ என்று முதல் தடவையாக எனக்கே தோன்றியது. அன்று இரவு அவனிடம் முகம் கொடுத்துப் பேச முடியவில்லை.

அப்புறம்தான் உங்கள் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். வெயிலில் ஓட்டாதே. பத்துக்கு மேல் வேண்டாம். நிழலில் கால் மணி நேரம் வை.

அதனால் இன்று மத்தியானம் போனேன். தார் ரோடு ஹெல்மெட்டுக்குள் வரை அனல் வீசியது. ஒன்பது, பத்து, பதினொன்று. பதினொன்றாவது வளைவில், ஒரே ஒரு கணம், முன்சக்கரம் என்னைக் கேட்காமல் இன்னும் கொஞ்சம் சாய்ந்தது. மாடிப்படி முடிந்துவிட்டது என்று காலை வைத்தால் இன்னும் ஒரு படி இருக்குமே, அப்படி. அடுத்த நொடி மீண்டுவிட்டது. நான் புல்லில் குதித்துவிட்டேன்.

அண்ணி, பலகையில் குறை இல்லை என்று கையெழுத்துப் போட்டவர் நீங்கள். குறையே இல்லாத பலகைக்குப் பத்து என்ற கணக்கு எங்கிருந்து வந்தது?

ஞாயிற்றுக்கிழமை, இருபத்திரண்டாம் தேதி, மத்தியானம் பன்னிரண்டரைக்கு, அண்ணன் விழுந்த அதே நேரத்தில், சரிவின் உச்சியிலிருந்து இறங்கப்போகிறேன். பதினொன்றில் நிறுத்த மாட்டேன். எதை மறைக்கிறீர்களோ அதை நானே பார்த்துக்கொள்கிறேன்.

நாத்தனார்


மார்ச் 19

பம்பரம்,

உன் கடிதம் இன்று மத்தியானம் வந்தது. ஆறு தடவை போன் செய்தேன். என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய். பிசியோதெரபி நிலையத்துக்குப் போன் செய்தால் விடுமுறை, திங்கட்கிழமைதான் திறப்போம் என்று பதிவுக் குரல் சொல்கிறது. நாளைக் காலை முதல் ஆளாக விரைவுத் தபாலில் இதைச் சேர்ப்பேன். சனிக்கிழமை உன் கையில் இருக்கும் என்கிறார்கள். இருக்க வேண்டும்.

ஏறாதே. ஏறினால் விழுவாய். எப்படி விழுவாய் என்று எனக்குத் தெரியும்.

முன்னால் இருக்கிற இரும்புக் கையைச் சாய்ந்த இடத்திலிருந்து திருப்பிக் கொண்டுவருவது ஒரு ரப்பர் வளையம். கட்டை விரல் அளவுதான். அக்டோபர் பத்தாம் தேதி கம்பெனிக்காரர்கள் வந்து, "நல்லா இருக்கு, இன்னும் கொஞ்சம் குறுகலா வளைஞ்சா பிரமாதமா இருக்கும்" என்றார்கள். அவர்கள் போன பிறகு கெட்டி ரப்பரைக் கழற்றிவிட்டு இரண்டு பலகையிலும் மெது ரப்பர் போட்டேன். பட்டறைக்குள் நானே தள்ளிப் பார்த்தேன். கால்மிதி அளவு இடத்தில் திரும்பியது. சந்தோஷத்தில் அப்போதே வரைபடத்தையும் திருத்திக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டேன்.

மறுநாள் அவர் கிளம்பும்போது நான் போனில் பேசிக்கொண்டிருந்தேன். வாசலில் நின்று கையைக் காட்டினார். நானும் கையைக் காட்டினேன். ரப்பர் மாத்தியிருக்கேன், பாத்து. மூன்றே மூன்று வார்த்தை. போனைக் கையால் பொத்திக்கொண்டு சொல்லியிருக்கலாம்.

ஆம்புலன்ஸில் நானும் போனேன். அடுத்த நாள் ரோட்டிலிருந்து எடுத்துவந்த பலகையைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் வலது ஓரத்தில் கறுப்பாகத் தீய்ந்த தடம். வளையம் சூட்டில் தளர்ந்து, கை அளவுக்கு மீறிச் சாய்ந்து, சக்கரம் பலகையின் அடியைக் கவ்வியிருக்கிறது. ஓடுகிற சக்கரம் நின்றால் பலகை நிற்கும். ஆள் நிற்க மாட்டான்.

அதை நான் உப்புத்தாள் வைத்துத் தேய்த்து எடுத்தேன். கெட்டி ரப்பரைத் திரும்பப் போட்டேன். மூன்றாம் நாள் கம்பெனி ஆள் வந்து பார்த்தார், குறை இல்லை என்று எழுதினார், பேனாவை நீட்டினார்.

ஏன் என்று கேட்பாய். முதலில், அவர் செத்துப்போய்விடுவார் என்று பயந்தேன். அவர் கண் திறந்ததும் பயம் வேறாகிவிட்டது. உயிரோடு இருக்கிறவர் என்னைக் கேட்பாரே என்ற பயம். அவருக்கு அந்த நாளே ஞாபகம் இல்லை என்று டாக்டர் சொன்னபோது, என் மனதில் ஓர் ஓரம் நிம்மதியானது. அந்த ஓரத்தை நான் பார்த்துவிட்டேன். அதற்குப் பிறகு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பத்து எங்கிருந்து வந்தது என்று கேட்டாயே. ரப்பரை வெயிலில் வைத்துவிட்டு வைஸ் இடுக்கியில் மாட்டி நசுக்கி நசுக்கிப் பார்த்தேன். பத்து வரை மீள்கிறது. அப்புறம் சோம்பிவிடுகிறது. உன்னிடம் இருப்பது அந்த மெது ரப்பர். கம்பெனியில் தயாராகிற நானூறிலும் அதுதான். வரைபடத்தை மாற்ற வேண்டுமென்றால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்று பஸ் நிலையம் வரை போனேன். உன் ஊர் பஸ் இரண்டு வந்து போயின. பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிவிட்டேன். நான் எப்படிப்பட்டவள் என்று இப்போது உனக்குத் தெரிந்துவிட்டது. திட்டு, சபி. பலகையில் மட்டும் ஏறாதே.

அண்ணி


மார்ச் 26

அண்ணிக்கு,

வலது தோளெலும்பு முறிந்து கட்டுப் போட்டிருக்கிறது. இடது கையால் எழுதுகிறேன். கோழி கிறுக்கினது போலத்தான் இருக்கும். பொறுமையாகப் படியுங்கள். உயிரோடு இருக்கிறேன்.

உங்கள் கடிதம் சனிக்கிழமை மூன்று மணிக்கே வந்துவிட்டது. நான் பிரிக்கவில்லை. ஏறாதே என்று எழுதியிருப்பீர்கள், படித்தால் ஏற மாட்டேன் என்று தெரியும். பிரிட்ஜ் மேல் போட்டுவிட்டேன். அது கோபமா, வீம்பா என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காற்று வாங்க வா என்று அண்ணனையும் வேனில் முன்சீட்டில் ஏற்றிக்கொண்டேன். பின்னால் பலகையைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டான். உச்சியில் நான் ஹெல்மெட் மாட்டும்போது மட்டும், "வேணாம்டி" என்றான். அவன் என்னை எதற்கும் வேண்டாம் என்று சொன்னதே இல்லை. அவன் பக்கம் திரும்பாமல் ஏறிவிட்டேன்.

முதல் ஐந்து வளைவு வரை பயத்தில் எண்ணினேன். எட்டில் முன்பக்கம் லேசாகத் துவண்டது. ஒன்பதில் மீண்டது. பத்தில் மீள்வதற்கு ஒரு நொடி தாமதமானது. அண்ணி, பலகை சொல்லிவிட்டுத்தான் தள்ளுகிறது. கணுக்காலுக்கு அது நன்றாகவே புரிகிறது. ஓரத்தில் புல் இருந்தது, அன்று குதித்த அதே புல். பதினொன்றில் குதித்திருக்கலாம். எனக்கு வேண்டிய சாட்சி அப்போதே கிடைத்துவிட்டது.

நான் குதிக்கவில்லை. ஏன் என்று உங்களுக்கு எப்படிச் சொல்வது? ரப்பர் தளரத் தளர, அது வளைகிற மாதிரி வேறு எதுவும் வளைந்து நான் பார்த்ததில்லை. ரோடு தோளை வந்து தொடுகிற அளவுக்குச் சாய்கிறேன், விழவில்லை, அடுத்த பக்கம் சாய்கிறேன். வயிற்றில் பயம் கல்லாகக் கிடக்கும்போதே கால் இன்னும் ஒன்று கேட்டது. பன்னிரண்டு போனேன். பதின்மூன்றில் கீழே டக்கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். பலகை அங்கே நின்றுவிட்டது, நான் காற்றில் இருந்தேன். முகம் தரையில் படக் கூடாது என்று தோளைக் கொடுத்தது மட்டும் நினைவிருக்கிறது.

பேக்கரிக்காரர் பிரேக் போட்ட சத்தம் கேட்டது. வேன் கதவு திறந்தது. அண்ணன் இறங்கினான். சினிமாவாக இருந்தால் ஓடி வந்திருப்பான். இவன் இறங்கிய வேகத்தில் விழுந்தான். எழுந்திருக்கப் பார்த்து இரண்டாவது தடவையும் விழுந்தான். பிறகு கையை ஊன்றித் தவழ்ந்தே வந்தான். சுடுகிற தாரில். உள்ளங்கை இரண்டும் கொப்புளம். "தலை? தலை பட்டுச்சா? என்னைப் பாரு, என் விரல் எத்தனை?" என்று கத்தினான். குழறவே இல்லை.

"மூணு" என்றேன். ரெண்டுதான் காட்டினானாம். நல்ல வேளை, அது வலியில் வந்த பதில் என்று டாக்டர் சொன்னார்.

ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்கும்போது பலகையை இழுத்துத் திருப்பினான். அடியில் வலது ஓரத்தில் கறுப்புத் தடம், தொட்டால் இன்னும் சுட்டது. கட்டை விரலை வைத்து அழுத்திப் பார்த்தான். "கவ்வியிருக்கு" என்றான். "சக்கரம் கவ்வியிருக்குடி. நான் இல்ல. நான் தப்பா நிக்கல." அதைச் சொல்லிச் சொல்லி அழுதான். பேக்கரிக்காரரும் அழுதார், அவருக்குப் பாதி புரியாமலே.

திங்கட்கிழமை வீட்டுக்கு வந்ததும் உங்கள் கடிதத்தைப் பிரித்து அவனுக்குப் படித்துக் காட்டினேன். முழுதும் படித்தேன். உப்புத்தாளையும் அந்த நிம்மதியையும் விடவில்லை. விட்டிருக்கலாமோ என்று பிறகு தோன்றியது. இனி இந்த வீட்டில் யாரும் எதையும் தேய்த்து எடுக்கப் போவதில்லை என்று படித்துவிட்டேன்.

திட்டுவான் என்று நினைத்தேன்.

"வளைவு எப்படி இருந்துச்சு?" என்றான்.

நான் பொய் சொல்லவில்லை. "ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றேன்.

"முன்னாடியே தெரிஞ்சுதா? துவளுதுன்னு?"

"எட்டாவதுலயே தெரிஞ்சுது."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "அப்ப நானும் நிறுத்தியிருக்க மாட்டேன்" என்றான்.

ரப்பர் மாற்றியதை அவன் பொறுத்துக்கொள்வான் போலிருக்கிறது. அந்தக் கணக்கில் அவனும் கொஞ்சம் பங்கு எடுத்துக்கொண்டுவிட்டான், நானும்தான். உப்புத்தாளை என்னால் பொறுக்க முடியவில்லை. ஐந்து மாதம் ஒருத்தன் தன் காலையே சந்தேகப்பட்டுக்கொண்டு கிடந்தான். நானூறு பலகை வாங்கப்போகிறவர்களில் எட்டாவதிலேயே நிறுத்துகிறவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?

கம்பெனிக்கு இன்னும் போகவில்லையென்றால், இதை மடித்து வைத்துவிட்டு இப்போதே கிளம்புங்கள்.

பம்பரம்


ஏப்ரல் 2

பம்பரம்,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. அது வரும் வரை எட்டு நாள், வாசலில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் உன்னைப் பற்றிய செய்தி என்று நினைத்து உள்ளே ஓடினேன். வெளியே அல்ல, உள்ளே. உறையின் மேல் கோணல் மாணலாக இருந்த எழுத்து யாருடையது என்றே தெரியவில்லை. யாரோ உன் சார்பில் எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். உட்கார்ந்துவிட்டேன். முதல் வரியைப் படித்த பிறகுதான் மூச்சு வந்தது.

திங்கட்கிழமை காலை கம்பெனி வாசலில் நின்றேன். அதுவரை போகவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். மேலாளர் அறையில் கெட்டி ரப்பர், மெது ரப்பர் இரண்டையும் மேஜை மேல் வைத்து, உனக்கு எழுதியதையெல்லாம் அவரிடம் வாயால் சொன்னேன். அவர் தன் தண்ணீர் டம்ளரை என் பக்கம் தள்ளினார்.

முடித்ததும் கொஞ்ச நேரம் ரப்பரை உருட்டிக்கொண்டிருந்தார். "இத நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாமேம்மா" என்றார். சத்தியமாக எனக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னார். நானும் ஐந்து மாதம் அதே வாக்கியத்தைத்தானே எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"என் நாத்தனாரும் விழுந்துட்டா" என்றேன். போனை எடுத்துத் தயாரிப்பை நிறுத்தச் சொன்னார். நூற்று அறுபது பலகை முடிந்து அட்டைப் பெட்டிக்குள் போயிருந்தது. இனி என்னோடு வேலை செய்ய முடியாது என்றும் சொன்னார். அது நியாயம்தான். ஆனால் முடிந்த பலகையைப் பிரித்து ரப்பர் மாற்றுவது அங்கே வேறு யாருக்கும் தெரியாதே. நானே மூன்று நாள் அங்கே உட்கார்ந்து நூற்று அறுபதையும் பிரித்துக் கெட்டி ரப்பர் போட்டுக் கொடுத்தேன். ஒவ்வொன்றையும் திருப்பி அடியைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தன. இருந்தும் ஒவ்வொன்றையும் இரண்டாவது தடவை திருப்பிப் பார்த்தேன்.

இதோடு புதிய அறிக்கை வைத்திருக்கிறேன். "விபத்துக்குக் காரணம் பலகையின் குறை. ஓட்டியவரிடம் தவறு இல்லை." பழையதை அவர் பையிலிருந்து எடுத்துவிட்டு இதை வை. இதிலும் கீழே என் கையெழுத்து இருக்கிறது.

பட்டறையைப் பூட்டிவிட்டேன். வெள்ளிக்கிழமை, பத்தாம் தேதி, காலை பஸ்ஸுக்குப் பயணச்சீட்டு எடுத்திருக்கிறேன். பதினொன்றே காலுக்கு உங்கள் ஊர் வரும். அவரைப் பார்க்க எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. அந்தப் பயம் போன பிறகு வரலாம் என்றால் இந்த ஜென்மத்தில் வர மாட்டேன்.

வரலாமா? வேண்டாம் என்றாலும் ஒரு வரி எழுது.

அண்ணி


ஏப்ரல் 5

அண்ணிக்கு,

வாருங்கள்.

அறிக்கையை அவனே இரண்டு முறை படித்தான். பழையதைக் கிழிக்கவில்லை. இரண்டையும் சேர்த்து மடித்து அலமாரியில் வைத்துவிட்டான். உங்களைப் பார்த்தால் என்ன சொல்வான் என்று கேட்டேன். "தெரியலடி. அவ முகத்தைப் பாத்தாத்தான் தெரியும்" என்றான். நல்லதாகச் சொல்வான் என்று நான் உறுதி கொடுக்க மாட்டேன். நான் என்ன சொல்வேன் என்பதற்கும் உறுதி இல்லை.

பஸ் நிலையத்துக்கு வந்தே தீருவேன் என்கிறான். பேக்கரிக்காரர் வேனை வெளியேதான் நிறுத்த முடியும். அங்கிருந்து பஸ் நிற்கிற இடம் வரை நாற்பது அடி இருக்கும். நேற்று நானும் அவரும் போய் அளந்துவிட்டு வந்தோம். நடைச்சட்டத்தை வேனிலேயே விட்டுவிட்டுக் கைத்தடியோடு வரப்போகிறானாம். வீட்டுக் கூடத்தில் பதினான்கு அடிக்கு மேல் இதுவரை போனதில்லை. பதினைந்தில் முழங்கால் மடங்குகிறது. எனக்கு ஒரு கையில் கட்டு இருக்கிறது, என்னால் பிடிக்க முடியாது. பேக்கரிக்காரரைப் பக்கத்தில் வரக் கூடாது என்று சொல்லிவிட்டான். "விழுந்தா விழுறேன்" என்கிறான்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அவனைப் பார்ப்பீர்கள். அவன் மெதுவாக வருவான். நடுவில் நிற்பான். தடுமாறுவான். ஓடிப் போய்த் தாங்க வேண்டும் என்று தோன்றும், தாங்காதீர்கள். திரும்பிப் பஸ்ஸில் ஏறிவிட வேண்டும் என்றும் தோன்றும், அதையும் செய்யாதீர்கள்.

அவன் வந்து சேரும் வரை அங்கேயே நில்லுங்கள்.

பம்பரம்